கொலையாளியைத் தேடுமுன் கொலையைத் தேடுங்கள்

கேள்வி இது: "அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென நடத்தப்படும் மருத்துவமனை ஒன்றைக் களமாக வைத்து மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரவு நேரத்தில் வயதான வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக இறக்கிறார்கள். ஊர் ஷெரிஃப் வந்து விசாரிக்கிறார். தலைமை அறுவை மருத்துவர்தான் கொலையாளி என்பது முடிவு. இது நம்பும்படி இருக்குமா? முதல் அத்தியாயத்தைப் பிணத்தோடு தொடங்கலாமா?"

இரவு சரி. வயதான வீரர்களும் சரி. ஷெரிஃப் பெரும்பாலும் சரிப்பட்டு வரமாட்டார். அறுவை மருத்துவரைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அவர் அதிகாலை மூன்று மணிக்கு வார்டில் இருக்கமாட்டார். பிணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மருத்துவமனை மருந்தகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். துப்பறியும் கதை என்றால் சோற்றை மறப்பவன். இரண்டும் சேர்ந்ததால், அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த தொடர் மரண வழக்குகளை நெடுநாளாகத் தேடிப் பிடித்து வாசித்துவருகிறேன். அந்த நாட்டில் அவற்றைச் சுருக்கமாக 'வி.ஏ. மருத்துவமனை' என்பார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள். நம்மூர் வாசகர் 'ராணுவ மருத்துவமனை' என்றதும் பணியில் இருக்கும் சிப்பாய்களை நினைத்துக்கொள்வார். இது அதுவல்ல. சீருடையைக் கழற்றி ஐம்பது ஆண்டுகள் ஆன, சர்க்கரையும் இதய நோயும் காது மந்தமும் உள்ள தாத்தாக்களின் மருத்துவமனை. பணியில் இருப்போருக்கான வால்டர் ரீட் போன்றவை பாதுகாப்புத் துறையின் கீழ் வருபவை. வி.ஏ. (வெட்டரன்ஸ் அஃபேர்ஸ், முன்னாள் படைவீரர் நலன்) தனித் துறை, தனி நிர்வாகம்.

உங்கள் கதையின் அடிப்படைச் சிக்கல் கொலையாளி யார் என்பதில் இல்லை. எண்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் இறந்துபோனால் யாரும் துப்பறிவாளரை அழைக்கமாட்டார்கள். இறப்புச் சான்றிதழில் ஏதாவது ஒரு இதயக் காரணத்தை எழுதுவார்கள். மகள் அழுவாள். கட்டில் விரிப்பை மாற்றுவார்கள். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். நடந்தது கொலை என்பதே யாருக்கும் தெரியாத இடம் அது. வீட்டு நூலகத்தில் கத்தி செருகிய உடலோடு தொடங்கும் கதையின் இலக்கணத்தை இங்கே கொண்டுவந்தால் அது ஒட்டாது. இங்கே முதல் இருநூறு பக்கங்களின் புதிர், குற்றம் என்று ஒன்று நடந்ததா என்பதே.

மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்றொரு சிறிய ஊர். அங்கே லூயிஸ் ஏ. ஜான்சன் என்ற பெயரில் ஒரு வி.ஏ. மருத்துவமனை. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை அதன் 3ஏ வார்டில், இரண்டாம் உலகப் போரிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் பணியாற்றிய முதியவர்கள் சிலர் எதிர்பாராமல் இறந்தார்கள். இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு அவர்களுடைய ரத்தச் சர்க்கரை காரணமில்லாமல் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. சர்க்கரை நோயே இல்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தார்கள், சிலருக்கு மீண்டும் மீண்டும் இறங்கியது. ஒவ்வொரு மரணத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஏதோ ஒரு விளக்கம் கிடைத்தது. சாப்பிடவில்லை, கல்லீரல் சரியில்லை, கிருமித் தொற்று. மருத்துவத்தில் விளக்கத்துக்கா பஞ்சம்?

சந்தேகம் எழுந்து, வி.ஏ. துறைக்குள் நடப்பவற்றை விசாரிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தகவல் போனபோது ஏறத்தாழ ஓராண்டு ஓடிவிட்டது. புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். 2020 ஜூலையில் ரீட்டா மேஸ் என்ற நர்சிங் உதவியாளர், ஏழு பேரைக் கொலை செய்ததாகவும் எட்டாமவரைக் கொல்லும் நோக்கத்தோடு தாக்கியதாகவும் ஒப்புக்கொண்டார். 2021 மே மாதம் அவருக்கு ஏழு ஆயுள் தண்டனைகளும் கூடுதலாக 20 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. ஆயுதம் இன்சுலின்.

இந்த வழக்கில் நாவலாசிரியர் நின்று கவனிக்க வேண்டியவை பல. முதலாவது, அவர் மருத்துவரும் இல்லை, பதிவுபெற்ற செவிலியரும் இல்லை. நோயாளிக்கு மருந்து கொடுக்கவே அனுமதி இல்லாத பணிநிலை அது. உடம்பு துடைப்பது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, விரலில் குத்திச் சர்க்கரை அளப்பது, தடுமாறும் நோயாளியின் அருகில் இரவு முழுவதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது. வார்டில் எல்லாருடைய கண்ணிலும் படுபவர், ஆனால் யாருடைய மனத்திலும் பதியாதவர். உங்கள் அறுவை மருத்துவரை விட்டுவிடச் சொன்னது இதனால்தான். அவர் நடந்தால் பின்னால் பத்துப் பேர் நடப்பார்கள். அவர் கையில் ஊசி எடுத்தாலே வார்டு முழுக்கச் செய்தியாகிவிடும்.

இரண்டாவது, அந்தப் பெண்மணியும் முன்னாள் படைவீரர்தான். ராணுவத் தேசியக் காவற்படையில் இருந்து, ஈராக், குவைத் பகுதிக்குப் போய்வந்தவர். இந்த மருத்துவமனைகளில் பணியாளர்களிலேயே கணிசமானோர் படையில் இருந்தவர்கள். ஆகவே, 'நோயாளிகள் வீரர்கள், மற்றவர்கள் வெளியாட்கள்' என்று கோடு கிழித்துவிடாதீர்கள்.

மூன்றாவது என் சொந்தத் துறை. வார்டு மருந்து அறையில் மார்ஃபினுக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஷிப்டு மாறும்போது இரண்டு பேர் நின்று எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு ஆம்பூல் (ஊசி மருந்தின் சிறு கண்ணாடிக் குப்பி) குறைந்தால் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இன்சுலினுக்கு இந்த மரியாதை கிடையாது. அது குளிர்பெட்டியில் குப்பிகளாகக் கிடக்கும், தீர்ந்தால் மருந்தகம் அனுப்பும், எத்தனை அலகு யாருக்குப் போனது என்று குப்பியை வைத்துக் கணக்குப் பார்ப்பவர் அரிது. ஏன் இந்த வேறுபாடு? போதைக்காகத் திருடுவார்கள் என்ற பயத்தில் போட்ட பூட்டுகள் அவை. கொல்வதற்காக எடுப்பார்கள் என்று நினைத்து யாரும் பூட்டு செய்யவில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் இதை ஒருமுறைகூட யோசித்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கிளார்க்ஸ்பர்க் வார்டில் மருந்து அறையும் மருந்து வண்டியும் உரியபடி பூட்டப்படாமல் இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வு அறிக்கை சுட்டிக்காட்டியது. வியட்நாம் போரில் பயன்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு நச்சுத் தெளிப்புக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று வி.ஏ. துறையே ஏற்றுக்கொண்டு ஈடு வழங்குகிறது. வி.ஏ. வார்டில் இன்சுலின் என்பது வீட்டுச் சமையலறையில் உப்பு மாதிரி.

துப்பு துலக்குவதற்கும் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இங்கே இருக்கிறது. நம் கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது 'சி-பெப்டைடு' என்ற இன்னொரு பொருளும் சம அளவில் ரத்தத்தில் இறங்கும். ஊசிவழி போகும் இன்சுலினில் அது இருக்காது. இன்சுலின் அதிகமாகவும் சி-பெப்டைடு குறைவாகவும் இருந்தால், அது வெளியிலிருந்து வந்தது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைதான், ஆனால் சர்க்கரை தாழ்ந்து கிடக்கும் அந்த நேரத்திலேயே ரத்தம் எடுத்திருக்க வேண்டும். யாருக்காவது சந்தேகம் தோன்றினால்தானே எடுப்பார்கள்? கிளார்க்ஸ்பர்க்கில் அந்தச் சந்தேகம் உரிய நேரத்தில் தோன்றவில்லை. உங்கள் நாவலில் ஒரு பயிற்சி மருத்துவர், மூத்தவர் வேண்டாம் என்று சொல்லியும், பிடிவாதமாக அந்த ஒரு குழாய் ரத்தத்தை எடுத்துவைக்கிறார் என்று வையுங்கள். பரிசோதனை முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அவருடைய சுழற்சி முடிந்து அவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டிருப்பார். முடிவுத்தாள் யாருடைய பெயருக்கு வரும்?

இது கற்பனைக்காகச் சொன்னது அல்ல. 1946 முதல் வி.ஏ. மருத்துவமனைகள் மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்து இயங்குகின்றன. மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் சில வாரங்கள் வந்து வேலை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு மருத்துவர் தன் சுழற்சியில் இரண்டு விசித்திர மரணங்களைப் பார்ப்பார். அடுத்து வருபவர் இன்னும் இரண்டைப் பார்ப்பார். நான்கையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. நிலையாக அங்கேயே இருப்பவர்கள் செவிலியர், உதவியாளர், துப்புரவுப் பணியாளர், மருந்தாளுநர். உங்கள் துப்பறிவாளரை இந்த வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. மருந்தாளுநர் என்றால் மகிழ்ச்சி, ஆனால் வற்புறுத்தவில்லை.

அடுத்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டன். 1995, 1996ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த வி.ஏ. மருத்துவமனையின் 'சி' வார்டில் இதயம் நின்றுபோகும் சம்பவங்கள் மளமளவென்று கூடின. அதே நேரத்தில், இதயத்தை முடுக்கும் எபிநெஃப்ரின் (அட்ரினலின்) மருந்தின் ஆம்பூல்கள் கணக்கில் வராமல் குறைந்தன. மூன்று செவிலியர் துணிந்து மேலிடத்தில் சொன்னார்கள். கூட வேலை பார்ப்பவர்மீது கொலைச் சந்தேகம் சொல்வது எத்தனை கனமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். தவறாக இருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போயிற்று. சரியாக இருந்தால், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோமே என்ற குற்றவுணர்ச்சி. அந்த மூவரின் ஓய்வறைப் பேச்சு ஒன்றையே நாற்பது பக்கம் எழுதலாம்.

எபிநெஃப்ரினைக் கொலைக் கருவியாகப் பாருங்கள், ஒரு மர்மக் கதைக்காரன் இதைவிட என்ன கேட்பான்? அது நம் உடம்பே சுரக்கும் பொருள். பிரேதத்தில் இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போதாததற்கு, இதயம் நின்றவருக்கு உயிர்ப்பிக்கும் முயற்சியில் மருத்துவர்கள் கொடுப்பதும் அதே மருந்துதான். கொல்லப் பயன்பட்ட மருந்தின் தடயத்தை, காப்பாற்ற ஓடிவந்தவர்களே நல்லெண்ணத்தோடு அழித்துவிடுகிறார்கள்.

குற்றவாளி கிறிஸ்டன் கில்பர்ட் என்ற செவிலியர். நான்கு கொலைகளுக்காகவும் இரண்டு கொலை முயற்சிகளுக்காகவும் 2001 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றார். இதில் ஒரு கிளைக்கதை. அந்த மருத்துவமனையின் காவலர் ஒருவரோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. வார்டில் அவசர அழைப்பு ஒலித்தால் மருத்துவமனைக் காவலரும் அங்கே வந்தாக வேண்டும். விசாரணை நெருங்கியபோது, குரலை மாற்றும் பொம்மைக் கருவியைப் பயன்படுத்தி மருத்துவமனைக்குத் தொலைபேசியில் வெடிகுண்டு மிரட்டல் விடுத்தார், கொலை வழக்குக்கு முன்பே அதற்குத் தண்டனையும் பெற்றார். அந்தக் காவலர் பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியாக நின்றார். இதை நீங்கள் கற்பனையாக எழுதியிருந்தால் பதிப்பாசிரியர் 'மிகை' என்று ஓரத்தில் குறித்திருப்பார்.

அந்த வழக்கின் எண்களைச் சொல்லியாக வேண்டும். 18 மாதங்களில் 1,641 ஷிப்டுகள். அவற்றில் கில்பர்ட் பணியில் இருந்தவை 257, அவற்றுள் மரணம் நிகழ்ந்தவை 40. அவர் இல்லாத 1,384 ஷிப்டுகளில் மரணம் நிகழ்ந்தவை 34. அவர் இருந்தால் நூறு ஷிப்டுக்குப் பதினைந்து பதினாறு, இல்லாவிட்டால் இரண்டு மூன்று. இது தற்செயலாக நடக்க பத்துக் கோடியில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை என்று புள்ளியியல் வல்லுநர், வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் நடுவர் குழுவிடம் விளக்கினார். ஆனால் முதன்மை விசாரணையில் இந்தக் கணக்கை நடுவர்கள் காதில் போடவே நீதிபதி அனுமதிக்கவில்லை. அவர் செய்தது சரி என்பது என் கருத்து. 'தற்செயலாக நடப்பது அரிது' என்பதும் 'இவர் நிரபராதியாக இருப்பது அரிது' என்பதும் கேட்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேறு வேறு. மோசமான நோயாளிகளை அனுபவமுள்ள செவிலியருக்கே ஒதுக்கும் வார்டில், அனுபவமுள்ளவரின் கணக்கில்தான் மரணம் கூடும். நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற செவிலியரை, முப்பத்துநான்கு கோடியில் ஒரு வாய்ப்பு என்ற கணக்கு நிழலாகத் தொடர்ந்தது. ஆயுள் தண்டனை கிடைத்தது. 2010இல் அவர் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். கணக்கும் தப்பு, கொலையும் நடக்கவில்லை.

ஆகவே உங்கள் நாவலில் யாராவது பணிப்பட்டியலையும் மரணப் பட்டியலையும் அருகருகே வைத்து 'ஆஹா' என்று சொன்னால், அதை நூற்றைம்பதாம் பக்கத்தில் வையுங்கள், முடிவில் வைக்காதீர்கள். அந்த 'ஆஹா' தவறான ஆளைக் காட்டட்டும்.

மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் உள்ள வி.ஏ. மருத்துவமனையில் இதேபோல நடந்தது. 1992இல் ஒரு வார்டில் மரணங்கள் கூடின, ஒரு செவிலியரின் பணிநேரத்தோடு அவை பொருந்தின. பத்தாண்டு கழித்து, தோண்டி எடுத்த உடல்களின் திசுவில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஒரு மருந்தின் சிதைவுப் பொருள் இருப்பதாகப் பரிசோதனைக்கூடம் சொல்ல, பத்துக் கொலைக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. அதற்கு அடுத்த ஆண்டே எல்லாம் கைவிடப்பட்டன. அந்த மருந்தைத் தொட்டே பார்க்காதவர்களின் உடல் திசுவிலும் அதே பொருள் தென்படுகிறது என்று தெரியவந்ததே காரணம். அந்த ஆள் குற்றவாளி என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, ஆகவே நானும் பெயரைச் சொல்லப்போவதில்லை. அறிவியல் வந்து முடிச்சை அவிழ்க்கும் என்று வாசகர் காத்திருக்கும் இடத்தில், அந்த அறிவியலே முடிச்சாக மாறுவது எத்தனை நல்ல திருப்பம்!

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் 1975 கோடையில் நடந்ததும் இன்றுவரை முடியாத கதை. 35 நோயாளிகளுக்கு 51 முறை மூச்சு நின்றது. ஏறத்தாழ பத்துப் பேர் இறந்தார்கள். மயக்கவியல் மருத்துவர்கள் முறிமருந்து கொடுத்துப் பார்த்தபோது மூச்சு திரும்பியது, அதனால் பாவுலான் என்ற தசைத்தளர்ச்சி மருந்தை யாரோ செலுத்தியிருக்கிறார்கள் என்று உறுதியானது. கத்தியைப் பிணத்திலிருந்து எடுத்துக் காட்டுவதுபோல, உயிரோடு இருப்பவரிடமே கொலைக் கருவியை நிரூபித்த அபூர்வ வழக்கு. அந்த மருந்து உணர்வை அழிக்காது. கண்ணும் காதும் புத்தியும் விழித்திருக்கும், நெஞ்சு மட்டும் அசையாது. போர்முனையில் பிழைத்து வந்த ஒருவன், பக்கத்தில் நிற்பவரிடம் 'மூச்சு வரவில்லை' என்று சொல்ல முடியாமல் கிடப்பதை எழுதிப் பாருங்கள்.

எஃப்.பி.ஐ. வந்தது. சாட்சிகளை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்திக்கூட விசாரித்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்து பணியாற்றிய இரண்டு செவிலியர்மீது வழக்கு. 1977 ஜூலையில் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அந்த டிசம்பரிலேயே நீதிபதி அதை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார், அரசுத் தரப்பு நடந்துகொண்ட விதம் ஒரு காரணம். 1978 பிப்ரவரியில் வழக்கே கைவிடப்பட்டது. வெளிநாட்டுப் பெண்கள் என்பதால் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கோபம் அன்று பலமாக எழுந்தது. உங்கள் நாயகன் தமிழ் மருத்துவர் என்றால் இந்த வழக்கை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள். சந்தேகம் வரும்போது முதலில் எந்த உச்சரிப்பின் பக்கம் தலைகள் திரும்பும் என்பது தெரியும்.

ஷெரிஃப் விஷயம். பல வி.ஏ. மருத்துவமனைகள் கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) நிலத்தில், கூட்டரசின் அதிகாரத்தின்கீழ் நிற்பவை. அங்கே மருத்துவமனைக்கென்றே சீருடைக் காவலர்கள் உண்டு. பெரிய விவகாரம் என்றால் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகப் புலனாய்வாளர்களும் எஃப்.பி.ஐ.யும் வருவார்கள். நார்த்தாம்ப்டன் வழக்கில் இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தில் மரண தண்டனை இல்லை. கொலை நடந்தது கூட்டரசின் நிலம் என்பதால் அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது, நடுவர்கள் கொடுக்கவில்லை. ஆனால் கொலம்பியா வழக்கில் குற்றச்சாட்டைப் பதிவுசெய்தவர் அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) அரசு வழக்குரைஞர். எனவே ஷெரிஃப் வேண்டும் என்று உங்களுக்கு அவ்வளவு ஆசை இருந்தால், நிலத்தின் அதிகாரம் யாருக்கு என்பதையே இரண்டு தரப்பும் சண்டை போடும் விஷயமாக்குங்கள். வாகன நிறுத்தத்தில் விழுந்த உடல் யாருடையது என்று இரண்டு காவல்துறைகள் அளந்துகொண்டிருப்பது நல்ல நகைச்சுவையும்கூட.

நச்சு மருந்தை விட்டுவிட்டு வேறு வழியில் போக விரும்பினால், என்னைப் பல நாள் தூங்கவிடாத ஒரு செய்தி சொல்கிறேன். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடி தீப்பற்றியது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான படைப்பணிக் கோப்புகள் அழிந்தன. நகல் இல்லை, நுண்படச் சுருள் இல்லை, என்னென்ன இருந்தன என்ற முழுப் பட்டியலும் இல்லை. 1912 நவம்பருக்கும் 1959 முடிவுக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. விமானப்படையில் 1947 செப்டம்பர் முதல் 1963 முடிவு வரை விலகியவர்களில், அகரவரிசையில் 'ஹப்பர்ட், ஜேம்ஸ் ஈ.' என்ற பெயருக்குப் பிறகு வருபவர்களின் கோப்புகளில் 75 சதவீதம் போயிற்று. ஹப்பர்டுக்கு முன்னால் இருந்தவர்கள் தப்பித்தார்கள். பெயரின் முதலெழுத்தால் ஒருவனுடைய போர் எரிந்துபோவது எந்தக் கதாசிரியனுக்காவது தோன்றியிருக்குமா?

இனி உங்கள் கொரியப் போர் வீரர், கட்டில் எண் பன்னிரண்டு. முப்பதாண்டுகளாக அந்த மருத்துவமனைக்கு வந்துபோகிறார். கோப்பு 1973இல் எரிந்துவிட்டது. எஞ்சிய சம்பளச் சீட்டுகளையும் பிற துறைகளின் ஆவணங்களையும் கோத்து அவருடைய பணிக்காலத்தை மறுபடி கட்டியிருக்கிறார்கள், அப்படிக் கட்டுவது நடைமுறையில் உள்ளதுதான். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வருகிறார், அதே படைப்பிரிவு. கதவில் ஒட்டிய பெயரைப் பார்க்கிறார், பிறகு முகத்தைப் பார்க்கிறார். 'இந்தப் பெயருள்ளவனை நான் என் கையால் புதைத்தேன்' என்கிறார். அன்றிரவு இறப்பது இந்த இருவரில் யார் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

பணம் வேண்டுமா, அதுவும் உண்டு. படைப்பணியால் வந்த நோயால் வீரர் இறந்தால் வாழ்க்கைத்துணைக்கு மாதந்தோறும் உதவித்தொகை வரும். இறந்த காரணம் வேறாக இருந்தாலும், இறப்பதற்கு முந்தைய பத்தாண்டுகள் தொடர்ந்து முழு ஊனமுற்றவர் என்று அவர் மதிப்பிடப்பட்டிருந்தால் அப்போதும் அந்தத் தொகை உண்டு. பத்தாண்டு நிறைய மூன்று வாரம் இருக்கும்போது அவர் சாகக் கிடக்கிறார் என்று வையுங்கள். நம் கதைகளில் மனைவிமார் கணவன் எப்போது சாவான் என்று பார்ப்பார்கள். இந்த மனைவி ஒவ்வொரு நாளையும் எண்ணி எண்ணி அவரை உயிரோடு வைத்திருக்கப் பார்ப்பாள். இறப்புச் சான்றிதழில் நேரம் எழுதும் மருத்துவரின் பேனா அங்கே எத்தனை கனக்கும்!

சூழலுக்கான சிறு செய்திகளை அள்ளித் தெளிக்காமல் ஒன்றிரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே நோயாளியிடம் 'கடைசி நாலு என்ன?' என்று கேட்பார்கள், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். காத்திருக்கும் கூடத்தில் தலைகளைவிடத் தொப்பிகளே பேசும், கப்பலின் பெயர், படைப்பிரிவின் எண், போரின் பெயர். பல மருத்துவமனைகளில் இறந்தவரின் உடலைக் கொடி போர்த்தி வெளியே கொண்டுபோகும்போது, வழியில் இருக்கும் பணியாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு இருபுறமும் நிற்பார்கள். கொலை செய்தவரும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

காலத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மருந்து கொடுக்குமுன் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் பட்டைக்குறியீட்டால் (பார்கோடு) சரிபார்க்கும் முறை வி.ஏ. மருத்துவமனைகளில்தான் பெரிய அளவில் தொடங்கியது. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் குறியீடு படிப்பதைப் பார்த்த கான்சஸ் மாநிலச் செவிலியர் ஒருவருக்கு 1992இல் தோன்றிய யோசனை அது. சில ஆண்டுகளில் எல்லா வி.ஏ. மருத்துவமனைகளுக்கும் பரவியது. எந்த மருந்தை, யார், எந்த நிமிடத்தில் கொடுத்தார் என்று எல்லாம் பதிவாகும். கதை 1985இல் நடந்தால் கையெழுத்தும் பதிவேடும்தான் துப்பு. 2015இல் நடந்தால் கணினிப் பதிவு சுத்தமாக இருக்கும், ஏனென்றால் குறியீட்டைப் படிக்காமல் போட்ட ஊசி அதற்குத் தெரியாது. சர்க்கரை அளக்கும் கருவியோ வேறு ரகம். பல மருத்துவமனைகளில் அளப்பவர் தன் அடையாள அட்டையைக் காட்டினால்தான் அது வேலை செய்யும், அளந்ததை நேரத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளும்.

அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பிணத்தோடு தொடங்காதீர்கள். மாதக் கடைசி, மருந்தகத்தில் ஒருவர் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் மாடி வார்டில் சர்க்கரை நோயாளிகள் போன மாதத்தைவிடக் குறைவு. இன்சுலின் குப்பிகள் கூடுதலாகப் போயிருக்கின்றன. யாரோ உடைத்துத் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்து, பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்.